காணாத மாளிகையும் காணாத கோயிலும்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வாலிபர்கள் அறைக்கு நான்கு பேராகவும் ஆறு பேராகவும் தங்கியிருக்கிறார்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவனும், தருமபுரிச் சைவனும், ஒடிசாவின் ஜகந்நாத பக்தனும் ஒரே அறையில் உறங்குகிறார்கள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தபின் கைப்பேசியில் ஒரு காணொளி ஓடுகிறது. கிருஷ்ணன், மித்ரன், ஓசிரிஸ் ஆகியோரின் கதைகளைத் திருடியே இயேசுவின் சரித்திரம் புனையப்பட்டது என்கிறது அது. மறுநாள் நம் பிள்ளைகளில் ஒருவன் பதிலுக்கு வேறொரு காணொளியைக் காட்டுகிறான். தமிழகத்துப் பக்தி முழுவதும் அப்போஸ்தலனாகிய தோமாவின் சீஷரிடமிருந்து பெற்ற கடன் என்கிறது அது. பிறகு அந்த அறையில் சில நாட்கள் பேச்சு நின்றுபோகிறது.

இந்த இரண்டு காணொளிகளும் ஒரே தர்க்கத்தின் மேல் நிற்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு கதைகள் ஒத்திருக்கின்றன. ஆகவே ஒன்று மற்றொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த "ஆகவே" சரிதானா என்பதையே இவ்வாரம் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலாவது, இது புதிய கேள்வி அன்று. சுமார் கி.பி. 155இல் ரோமாபுரியில் வாழ்ந்த யுஸ்தீன் என்னும் இரத்தசாட்சி, பேரரசனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். இயேசுவின் பிறப்பையும் மரணத்தையும் பரமேறுதலையும் குறித்து நாங்கள் சொல்லுகிறவை, உங்கள் தேவர்களின் குமாரரைப்பற்றி நீங்கள் சொல்லுகிறவற்றிலிருந்து வெகுதூரமானவை அல்லவே என்று அவரே அதில் எடுத்துக்காட்டினார். ஒப்புமையை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அவர் கூறிய விளக்கம், கிறிஸ்துவின் வருகையை முன்னறிந்த பிசாசுகள் அதைப் போலிசெய்து வைத்தன என்பதாகும். யுஸ்தீனின் நேர்மையை நான் மதிக்கிறேன். அந்த விளக்கத்தோடு என்னால் நிற்க முடியவில்லை. அயலான் பக்தியோடு சொல்லும் கதைக்கெல்லாம் பிசாசைக் காரணமாக்கினால், அவனோடு பேசுவதற்கு நமக்கு ஒன்றும் மீதியிராது.

இப்போது இரண்டு கதைகளைக் கேளுங்கள். முதலாவது நம்முடையது.

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீரிய மொழி வழங்கிய நாட்டில், பெரும்பாலும் எதேசா பட்டணத்தில், "தோமாவின் நடபடிகள்" என்னும் நூல் எழுந்தது. இந்தியாவுக்குப் போக மனமில்லாதிருந்த தோமாவை ஆண்டவர் ஒரு வணிகனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். கட்டடத் தொழில் அறிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்த அந்த வணிகன், அவரைக் கொண்டோபரஸ் என்னும் அரசனிடம் கொண்டுவருகிறான். அரசன் மாளிகை கட்டப் பொன்னும் வெள்ளியும் கொடுக்கிறான். தோமாவோ அதைச் சுற்றிலுமுள்ள ஊர்களின் ஏழைகளுக்குப் பங்கிட்டுவிடுகிறார். வேலை எதுவரை வந்தது என்று அரசன் ஆளனுப்பிக் கேட்கும்போது, கூரை மட்டுமே பாக்கி என்கிறார். அரசன் இன்னும் பணம் அனுப்புகிறான். உண்மை தெரிந்தபோது, எங்கே என் மாளிகை என்று கேட்கிறான். இப்போது நீர் அதைக் காணமாட்டீர், இவ்வாழ்வை விட்டுப் போகும்போது காண்பீர் என்கிறார் தோமா. அவரைச் சிறையில் அடைக்கிறார்கள். அன்றிரவு அரசனின் தம்பி இறந்துபோகிறான். தேவதூதர் அவனுக்குப் பரலோகத்தின் மாளிகைகளைக் காட்டுகிறார்கள். அவன் விரும்பிய மாளிகை, அந்தக் கிறிஸ்தவன் உன் அண்ணனுக்குக் கட்டியது என்கிறார்கள். அதை விலைக்குக் கேட்பதற்காக அவன் உயிரோடு திரும்பி வருகிறான். அரசன் தாழ்ந்து வணங்குகிறான்.

இரண்டாவது கதை நம் அயலாருடையது. நம் பக்கத்து ஊருடையதும்கூட. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், அதாவது 12ஆம் நூற்றாண்டில், பெரியபுராணம் பாடினார். அதில் வரும் அடியாருள் ஒருவர் திருநின்றவூர்ப் பூசலார். சிவனுக்குக் கோயில் எடுக்க ஆசை, கையில் காசில்லை. எங்கும் தேடியும் பொருள் கிடைக்காதபோது, மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை அமர்த்தி, நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டு, விமானமும் மதிலும் எழுப்பி, கிணறும் குளமும் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எடுத்த கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். முந்தின இரவில் இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் எடுத்த ஆலயத்தில் நாளை நாம் புகுகிறோம், உன் நாளை மாற்றிக்கொள் என்றாராம். மன்னன் திருநின்றவூருக்கு வந்து கோயிலைத் தேடுகிறான். அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்கிறார்கள் ஊரார். பூசலாரைக் கண்டு நடந்ததை அறிந்து, நிலத்தில் விழுந்து பணிகிறான். அந்தக் கற்கோயில் காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் என்றும், மன்னன் இராசசிம்மன் என்றும் கொள்வது வழக்கம். திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்னும் பெயரால் ஒரு சிவாலயம் இன்றும் இருக்கிறது.

ஒப்புமை எவ்வளவு நெருக்கமானது! ஓர் அரசனும் அவனுடைய பொருளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டடம். இரவிலே வேறோர் உலகிலிருந்து வரும் செய்தி. இறுதியில் எளியவன் முன் குனியும் முடி. தோமாவின் பெயர் தாங்கிய பரங்கிமலையும், குன்றத்தூரும், திருநின்றவூரும் ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய தொலைவில் உள்ளன. காணொளி செய்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கிறிஸ்தவக் கதை சுமார் 900 ஆண்டுகள் முந்தி எழுதப்பட்டது. ஆகவே சேக்கிழார் நம்மிடமிருந்து எடுத்தார் என்று ஒரு மணி நேரத்தில் ஒரு படம் தயாராகிவிடும்.

ஆனால் கடன் என்று சொல்லுவதற்கு என்னென்ன வேண்டும்? தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். இரண்டு கம்பெனிகளின் போல்ட்டுகள் ஒரே மாதிரி இருந்தால், ஒன்று மற்றொன்றின் வரைபடத்தைத் திருடியது என்று யாரும் சொல்லுவதில்லை. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் ஒரே வடிவம் பெறுகின்றன. ஆனால் ஒரு கம்பெனியின் அச்சில் இருந்த ஒரு சிறு பிழை மற்றக் கம்பெனியின் பொருளிலும் அதே இடத்தில் காணப்பட்டால், அப்போது கேள்வி எழும்புகிறது. கதைகளுக்கும் இப்படியே. எந்த வழியாய் வந்தது, எந்தக் காலத்தில் வந்தது, வந்த தடம் எங்கே பதிந்திருக்கிறது என்ற மூன்றும் வேண்டும்.

மூன்றும் கிடைத்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதில் கடன்பட்டவர்கள் நாமே. பர்லாம், யோசபாத்து என்னும் இரண்டு பரிசுத்தவான்களின் கதையை மத்தியகால ஐரோப்பா முழுவதும் விரும்பிப் படித்தது. இந்தியாவின் ஓர் அரசனுக்கு மகன் பிறக்கிறான். அவன் துறவியாவான் என்று முன்னுரைக்கிறார்கள். தந்தை அவனை அரண்மனைக்குள் அடைத்து வைக்கிறான். அவன் வெளியே வந்து நோயையும் முதுமையையும் கண்டு கலங்கி, ஒரு துறவியின் போதனையால் கிறிஸ்தவனாகி, அரசைத் துறக்கிறான். நீங்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள்: இது புத்தரின் வரலாறு. "போதிசத்துவர்" என்ற சொல் அரபு மொழியில் "பூதாசப்" ஆயிற்று. அரபு எழுத்தில் பகரத்துக்கு ஒரு புள்ளி, யகரத்துக்கு இரண்டு புள்ளி. ஒரு புள்ளி பிசகி "யூதாசப்" ஆகி, ஜார்ஜிய மொழி வழியாகக் கிரேக்கத்தில் "இயோவாசப்" ஆகி, 11ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு வந்து "யோசபாத்து" ஆயிற்று. அந்தப் புள்ளிப் பிழைதான் தடம். ரோமச் சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27 அன்று அவருடைய பெயர் இடம்பெற்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அறிஞர்கள் இத்தொடரை வெளிப்படுத்தினார்கள். அதனால் சபை இடிந்துவிழவில்லை. உண்மை தெரிந்தபோது அதை ஒப்புக்கொள்வதில் கிறிஸ்தவனுக்கு இழப்பு எதுவுமில்லை.

இதே அளவுகோலைத் தோமாவுக்கும் பூசலாருக்கும் வைத்துப் பாருங்கள். பெயரில் தடம் இல்லை. சொல்லில் தடம் இல்லை. கதை வந்த வழியைக் காட்டும் ஏடும் இல்லை. மாறாக, ஒவ்வொரு கதையும் தன் மண்ணிலேயே வேர் கொண்டிருக்கிறது. பூமியிலே அல்ல, பரலோகத்திலே பொக்கிஷம் சேர்க்கும்படி இயேசு மலைப்பிரசங்கத்தில் கற்பித்தார். அந்தப் போதனையைக் கதையாக்கினால் கொண்டோபரஸின் மாளிகை கிடைக்கும். உள்ளத்தையே கோயிலாகக் காண்பது சைவத்தின் பழைய மரபு. திருமூலர் அதைப் பாடியிருக்கிறார். பூசலாரின் பெயரைச் சேக்கிழாருக்கு முன்பே சுந்தரர் தம் அடியார் வரிசையில் வைத்துவிட்டார். சரீரமே தேவனுடைய ஆலயம் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலும் இதற்கு அருகே வருகிறார். பவுல் திருநின்றவூரிலிருந்து கற்கவும் இல்லை. திருநின்றவூர் பவுலிடம் கற்றது என்பதற்குச் சான்றும் இல்லை.

கதைகள் ஒன்றன்மேல் ஒன்று சாயம் ஏற்றுவதும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமாவின் மரணத்தைப்பற்றித் தாம் கேட்டதை எழுதி வைத்தார். மயில்கள் சூழ ஜெபித்துக்கொண்டிருந்த தோமாவை, மயிலுக்கு எய்த ஒருவனின் அம்பு தவறிக் கொன்றது என்பது அச்செய்தி. பழைய "நடபடிகள்" நூலிலோ, அரசனின் கட்டளையால் போர்வீரர் அவரை ஈட்டியால் குத்துகிறார்கள். மயில் எங்கிருந்து வந்தது? ஊரின் பெயரே மயிலாப்பூர். அங்கே அம்பிகை மயிலாகிச் சிவனைப் பூசித்தாள் என்பது தலபுராணம். தவறிப் பாய்ந்த வேடன் அம்பினால் கிருஷ்ணன் இறந்ததை மகாபாரதமும் சொல்லுகிறது. இங்கே, நம் முன்னோர் தாங்கள் வாழ்ந்த ஊரின் மொழியிலேயே தங்கள் அப்போஸ்தலனை நினைத்துக்கொண்டார்கள் என்று எண்ண இடமுண்டு. அதைத் திருட்டு என்று அழைப்பீர்களா? ஒரே தெருவில் குடியிருந்தவர்களின் பேச்சு ஒன்றுபோல் ஆவது இயல்பு.

இனி, நம் பிள்ளைகள் காட்டும் காணொளிக்கு வருவோம். அதன் வேர் ஒரு கல்விமானின் கட்டுரையில் இருக்கிறது. இந்திய மொழிகளை அளவிட்ட பெருமைக்குரிய ஜார்ஜ் கிரியர்சன், 1907இல் இலண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில், இராமாநுஜர் முதலானோர் வளர்த்த பக்தி நெறி நெஸ்தோரியக் கிறிஸ்தவருக்குக் கடன்பட்டது என்று வாதாடினார். மயிலாப்பூர்ப் பக்கம் பழைய கிறிஸ்தவர் இருந்தது மெய்யே. 1547இல் போர்த்துக்கீசியர் பரங்கிமலையில் தோண்டியபோது கிடைத்த சிலுவைக் கல்லில் பஹ்லவி எழுத்துகள் உள்ளன. இராமாநுஜர் 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார் என்பது மரபு. இரண்டும் அருகருகே, ஆகவே கடன் என்றது வாதம்.

ஆனால் மத்தியப் பிரதேசத்து விதிஷாவுக்கு அருகே ஒரு கல்தூண் நிற்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹெலியோதோரஸ் என்னும் கிரேக்கத் தூதன் தன்னை வாசுதேவனின் பாகவதன் என்று அதில் பொறித்து வைத்தான். பெத்லெகேமில் பாலகன் பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, ஓர் அந்நியன் வாசுதேவ பக்தனாயிருந்தான். தமிழில் பரிபாடல் திருமாலைப் பாடியிருக்கிறது. ஆழ்வார்கள் இராமாநுஜருக்கு முற்பட்டவர்கள். இராமாநுஜரே தாம் யாரிடம் பெற்றார் என்பதைப் போதாயனர், யாமுனர் என்று சொல்லியிருக்கிறார். ஒரு மனிதன் தன் ஆசிரியர்களின் பெயரைச் சொல்லும்போது, இல்லை, உன் ஆசிரியர் எங்கள் வீட்டார் என்று சொல்லுவது சுவிசேஷம் ஆகாது. பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை, அவனுடைய ஆச்சாரியர்களுக்கும் பொருந்தும்.

அந்தப் பக்கத்துக் காணொளிக்கும் இதே அளவுகோல்தான். கிருஷ்ணன் கன்னியின் வயிற்றில் டிசம்பர் 25 அன்று பிறந்தான் என்கிறது அது. தேவகிக்குக் கிருஷ்ணன் எட்டாவது பிள்ளை என்பதும், அவன் பிறந்தது தேய்பிறை அஷ்டமி இரவு என்பதும் கோகுலாஷ்டமி கொண்டாடும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். டிசம்பர் 25 என்ற நாளோ நம் சுவிசேஷங்களில் இல்லவே இல்லை. 354ஆம் ஆண்டு ரோமாபுரியில் தொகுத்த நாட்குறிப்பில்தான் அது தெளிவாகத் தென்படுகிறது. மித்ரன் பாறையிலிருந்து பிறந்ததாக ரோமச் சிற்பங்கள் காட்டுகின்றன. ஓசிரிஸ் மரித்தபின் இவ்வுலகுக்குத் திரும்பாமல் மரித்தோரின் அரசனாகிறான். சிலுவையில் அறையப்பட்ட பதினாறு இரட்சகர் என்று 1875இல் அமெரிக்காவில் கெர்சி கிரேவ்ஸ் எழுதிய புத்தகத்திலிருந்து இத்தகைய பட்டியல்கள் வளர்ந்து, 2007க்குப் பிறகு இணையத்தில் பரவின. அவை கிறிஸ்துவுக்கு மட்டும் அநீதி செய்யவில்லை. கிருஷ்ணனின் கதையையும் அதை நேசிக்கிறவர்கள் அடையாளம் காணாதபடி சிதைக்கின்றன.

மெய்யான ஒப்புமை இருக்குமிடத்தை மறுக்கவும் வேண்டாம். கம்சனும் ஏரோதும் ஒரு குழந்தைக்கு அஞ்சிப் பல குழந்தைகளைக் கொல்லுகிறார்கள். பாரசீகக் கோரேசின் பிறப்பைக் குறித்து இதற்கொத்த ஒரு கதையைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரொதோத்து எழுதினார். யாத்திராகமத்தில் பார்வோனும் அப்படியே. அதிகாரம் தொட்டிலைக் கண்டு நடுங்குவது எந்த நாட்டிலும் நடப்பது. ஒரே நோய் பல ஊர்களில் ஒரே அறிகுறியைக் காட்டுகிறது.

அன்பானவர்களே, உங்கள் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைக் குறித்த காலத்தில் சரிபார்த்து முத்திரையிடுகிறார்கள் அல்லவா? நம் பொருளுக்கு ஒரு கேஜ், அடுத்தவன் பொருளுக்கு வேறொரு கேஜ் என்று வைத்திருந்தால் ஆடிட்டில் அகப்படுவோம். இருவகை நிறைகற்கள் கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் போதிப்பது சந்தைக்கு மட்டும் உரியதன்று. ஆதித் திருச்சபை இதில் நமக்கு ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது. பவுலையும் தெக்லாளையும்பற்றி ஒரு மூப்பர் கதை புனைந்தார். பவுலின்மேல் வைத்த அன்பினால் அதைச் செய்ததாக அவர் அறிக்கையிட்டும் தம் பொறுப்பை இழந்தார் என்று, சுமார் கி.பி. 200இல் தெர்த்துல்லியன் எழுதுகிறார். அன்பினால் சொன்ன பொய்யையும் சபை பொய் என்றே எண்ணியது. தோமாவின் நடபடிகளை நம் முன்னோர் வாசித்தார்கள். ஆனால் வேதாகமத்தோடு சேர்க்கவில்லை. கொண்டோபரஸ் என்னும் அரசன் முதல் நூற்றாண்டில் மெய்யாகவே வடமேற்கில் ஆண்டான் என்பதை 1830களில் கண்டெடுத்த நாணயங்கள் காட்டின. அதனால் பரலோக மாளிகைக் கதை சரித்திரமாகிவிடாது. அரசன் மெய்யானவன் என்பதுமட்டும் உறுதியாகிறது. நாணயம் சொல்லுவதற்கு மேல் நாமும் சொல்லவேண்டாம்.

அப்படியானால் நம் விசுவாசம் எதன்மேல் நிற்கிறது? இயேசுவைப் போன்ற கதை உலகில் வேறெங்கும் இல்லை என்பதன்மேல் அல்ல. பொந்தியு பிலாத்து என்னும் பெயருள்ள ஓர் அதிகாரியின் காலத்தில், பெயருள்ள ஒரு பட்டணத்துக்கு வெளியே ஒருவர் சிலுவையில் அறையப்பட்டார். அவரை உயிரோடு கண்டவர்கள் இன்னார் இன்னார் என்று இருபதாண்டு சொச்சத்துக்குள் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்தச் சாட்சியை நான் விசுவாசிக்கிறேன். அயலானின் கதை அழகாயிருப்பதால் என் சாட்சி குறைவுபடுவதில்லை.

இரண்டு கட்டடங்களையும் இன்னொருமுறை பாருங்கள். ஒப்புமைக்குள் வேறுபாடும் தெரியும். பூசலாரின் கோயிலுக்கு ஒரு காசும் செலவாகவில்லை; அன்பு மட்டும் போதுமாயிருந்தது. தோமாவின் மாளிகைக்குச் செலவு உண்டு. அந்தப் பணம் பசித்தவரின் வயிற்றுக்குள் போயிற்று. முன்னது ஜெபிக்கக் கற்றுத்தருகிறது. பின்னது பகிர்ந்துகொள்ளக் கற்றுத்தருகிறது. வணிகனுக்கு விற்கப்பட்டுத் தூரதேசத்துக்கு வேலைக்கு வந்த தோமா, ஒப்பந்தத்தின் பேரில் இரயிலேறி இந்த வட்டாரத்துக்கு வரும் வாலிபனுக்கு அந்நியர் அல்லர். அவன் ஓட்டப்போகாத காரை அவன் பூட்டுகிறான். மாதக்கடைசியில் அறைத்தோழனிடம் காசில்லாதபோது அவனுடைய சாப்பாட்டுச் சீட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறவன், கூரை பாக்கியுள்ள ஒரு மாளிகைக்கு ஒரு கல் வைக்கிறான்.

ஆகவே, அடுத்தமுறை அந்தக் காணொளி ஓடும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள். பூசலார் கதையை உங்கள் தோழனையே சொல்லச்சொல்லி முழுதும் கேளுங்கள். பிறகு கொண்டோபரஸின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். யாரிடமிருந்து யார் எடுத்தார் என்ற வழக்கைத் தீர்க்காமலே அன்றிரவு நெடுநேரம் பேசுவீர்கள்.

ஜெபிப்போம். சத்தியமுள்ள பிதாவே, உமக்காக என்று எண்ணி நாங்கள் பொய் சொல்லாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். எங்கள் அயலார் நேசிப்பவற்றை நேர்மையான அளவோடு பார்க்கும் கண்களைத் தாரும். எங்கள் கையிலுள்ளதைக் கொண்டு, காணாத மாளிகையைக் கட்ட எங்களுக்குக் கற்பியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.